சீப்புக்கு விழுந்த ஓட்டு

இன்று காலை கம்பெனி பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்திருந்த பெண்ணின் கொண்டையில் ஒரு பச்சைச் சீப்பு செருகியிருந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள். வீட்டில் தலைவார நேரம் கிடைத்திருக்காது. ஈரத்தலையை அள்ளி முடிந்து, சீப்பையும் அதிலேயே செருகிக்கொண்டு ஓடிவந்து ஏறியிருக்கிறாள். தேங்காயெண்ணெய் வாசனை என் முகத்தில் அடித்தது. ஆம்பூர் வரும்வரை நான் அந்தச் சீப்பையே பார்த்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்தவள், "இன்னாக்கா, அவ தலையில பேன் கீன் ஓடுதா?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண் கலங்கியது அவளுக்குத் தெரிந்திருந்தால் கேன்டீன்வரை போய்ச் சேர்ந்திருக்கும்.

நீ போனபிறகு ஒருமுறைகூட நான் உட்கார்ந்து அழவில்லை. எனக்கு அதெல்லாம் வராது. செக்கிங் மேசையில் இருப்பவளுக்கு, தைத்து ஒட்டிப் பளபளவென்று வந்து நிற்கும் ஷூவில் எங்கே தையல் பிசகியிருக்கிறது, எங்கே பசை வழிந்திருக்கிறது என்று தேடுவதுதான் வேலை. அந்தப் புத்தி வீட்டுக்கு வந்தாலும் போவதில்லை. கல்யாண வீட்டில்கூடக் கோணலாக நிற்கும் பந்தல்கால்தான் எனக்கு முதலில் கண்ணில் படும். "உங்கண்ணுக்கு நல்லதே ஆப்புடாதா தோஸ்த்?" என்பாய். நல்லதும் கண்ணில் படத்தான் செய்தது. அதை வாய்விட்டுச் சொல்லத்தான் பழக்கமில்லை.

உன்னை எல்லோரும் மெம்பர் என்றுதான் கூப்பிட்டார்கள். வார்டு போன பிறகும் மெம்பர்தான். உன் பெயரைச் சொல்லிக் கேட்டால் நம் தெருப் பிள்ளைகளுக்கே தெரியாது.

எங்கே தொடங்கியது என்று நினைத்துப் பார்க்கிறேன். ஊராட்சியின் ஐந்தாவது வார்டைப் பெண்களுக்கு என்று ஒதுக்கிய சமயம். நம் வார்டு என்பதே இரண்டு தெருதான். மேலே மேட்டுத்தெரு, கீழே பாலாற்றை ஒட்டி நம்முடைய ஆத்தோரத் தெரு, நடுவில் ஓர் ஓடை. எதுவாக இருந்தாலும் மற்ற வார்டுகளுக்குப் போய் நம்மிடம் வருவதற்குள் தீர்ந்துபோகும். நம் தெருக் கிணற்றில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை, வாயில் வைக்கத்தான் முடியாது. மஞ்சளாக, உப்புக் கரிக்க இருக்கும். சோப்பு நுரைக்காது. ஆற்றில் மணலைவிடத் தோல்கழிவு நாற்றம்தான் ஜாஸ்தி. குடிக்கிற தண்ணீருக்கு ஷிப்டு முடிந்து வந்த காலோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு மேட்டுத்தெருவுக்கு ஏறவேண்டும். அப்படி ஏறி இறங்கிய ஒருநாள், குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "நானே நிக்கிறேன்" என்றாய். நீ வழியில் நிற்கப்போகிறாய் என்று நினைத்து, "நின்னுட்டு வா, நான் முன்னால போறேன்" என்றேன். அதைச் சொல்லிச் சொல்லியே ரொம்ப நாள் சிரித்தாய்.

பெண்களுக்கு ஒதுக்கிய மற்ற வார்டுகளில் புருஷன்மார்கள் பெண்டாட்டி பெயரில் நின்றார்கள். உன் வீட்டுக்காரர், "நீ நிக்கிறதுன்னா நீயே நில்லு, எனக்குப் பேஜார் வேணாம்" என்று ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதுவே பெரிய உதவி. பூட்டு சாவியோ ஆட்டோவோ சின்னமாகக் கிடைக்கும் என்று இருந்தாய், சீப்பு கிடைத்தது. "சொட்டத்தலை ஓட்டு ஒண்ணுகூட உனக்கு விழாது" என்று டீக்கடையில் கேலி பேசினார்கள். உனக்கு முகம் சுண்டிப்போயிற்று.

அதைச் சரிசெய்தது முனியம்மாக்கா. உன் எதிர்வீட்டுக்காரி. எழுதப் படிக்கத் தெரியாது, வாய் மட்டும் ஊருக்கே கேட்கும். மறுநாள் கொண்டையில் ஒரு சிவப்புச் சீப்பைச் செருகிக்கொண்டு தண்ணீருக்குப் போனாள். "இன்னாக்கா இது?" என்று கேட்டவர்களிடம், "மெம்பருடி" என்றாள். அவ்வளவுதான். அந்த வாரமே தெருவில் ஒரு பெண்ணும் வெறுங்கொண்டையோடு வெளியே வரவில்லை. மேட்டுத்தெருவிலும் தொற்றிக்கொண்டது. கம்பெனி கேட்டில் வாட்ச்மேன், "எல்லாரும் இன்னாத்துக்குத் தலையில சீப்போட வர்றீங்க? உள்ள சலூன் வெச்சிகீதா?" என்று கேட்டார். நீ ஜெயித்த அன்று நம் தெருவில் பட்டாசு வெடிக்கவில்லை. பெண்கள் ஆளாளுக்கு உன்னை உட்காரவைத்துத் தலை வாரினார்கள். உனக்கு வலித்தது, வாயைத் திறக்காமல் இருந்தாய்.

மேட்டுத்தெரு டேங்கிலிருந்து ஓடைக்கு மேலாகக் குழாய் இழுப்பதற்குள் நீ பட்டபாட்டை நான் அறிவேன். தங்களுக்குத் தண்ணீர் கம்மியாகிவிடும் என்று மேட்டுத்தெருவில் சண்டைக்கு வந்தார்கள். நீ கத்தவில்லை. "ஒருநாளு உங்களுக்கு, ஒருநாளு எங்களுக்கு. ஜோடியில ஒரு கால் பெருசா ஒரு கால் சின்னதா இருந்தா மாட்டிக்கினு நடக்க முடியுமா?" என்றாய். அத்தனை பேரும் ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள். சரி என்று ஒத்துக்கொண்டார்கள். நம் தெருவில் முதன்முதலாகக் குழாயைத் திறந்தபோது முனியம்மாக்கா இரண்டு கையிலும் பிடித்துக் குடித்துவிட்டு, "இன்னாடி இது, ருசியே இல்ல" என்றாள். உப்பு இல்லாத தண்ணீருக்கு அவள் நாக்கு பழக ஒரு மாதமாவது ஆகியிருக்கும்.

அந்த வார்டைத்தான் இல்லாமல் ஆக்கினார்கள். நம் ஊராட்சியை நகராட்சியோடு சேர்த்தபோது ஓடையை எல்லையாக வைத்து இரண்டாகப் பிரித்தார்கள். மேட்டுத்தெரு ஒரு வார்டோடு போயிற்று, நம் தெரு டவுன் கடைத்தெரு இருக்கும் வார்டோடு சேர்ந்தது. டேங்க் அவர்கள் வார்டில், குழாய் நம் வார்டில். ஐந்து என்ற எண் டவுனுக்குள் வேறு எந்தத் தெருவுக்கோ போய்விட்டது. டேங்கின்மேல் எழுதியிருந்த ஐந்தாவது வார்டு என்பதை ஒருவர் ஏணி போட்டு வெள்ளையடித்து மறைத்ததை நீ ஓடைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாய். நானும் கூட நின்றேன். "மனுசன் செத்தா பொதைக்கிறதுக்கு ஒரு எடமாச்சும் இருக்கும் தோஸ்த். வார்டு செத்தா இன்னா பண்ணுவாங்க?" என்று கேட்டாய். எங்கள் மேசைக்கு வரும் ஜோடியில் ஒரு கால் ஷூ பழுதாக இருந்தால் பழுதில்லாத காலையும் சேர்த்து ரிஜெக்ட்டில்தான் போடுவோம். அன்று அது நினைவுக்கு வந்தது, உன்னிடம் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு முறைவைத்துத் தண்ணீர் விடுவது நின்றுபோயிற்று. வந்தால் வந்தது. அங்கே போய்க் கேட்டால் "உங்க வார்டு ஆளைக் கேளுங்க" என்பார்கள், இங்கே கேட்டால் "டேங்க் அங்கதான இருக்குது" என்பார்கள். நகராட்சித் தேர்தல் வந்ததும் நீ மறுபடி நின்றதற்குக் காரணம் அதுதான். கவுன்சிலர் என்ற பேருக்காக நின்றாய் என்று சொன்னவர்களும் உண்டு. அவர்கள் யாரும் குடம் தூக்கியவர்கள் இல்லை.

சுயேச்சையாக நின்ற நீ சீப்பைத்தான் கேட்டாய். முகம் தெரியாத ஒருவரும் அதையே கேட்டிருந்தார். யார் சொல்லிக்கொடுத்துக் கேட்டாரோ, நமக்குத் தெரியாது. குலுக்கிப் போட்டதில் அவருக்குப் போய்விட்டது. உனக்குத் தண்ணீர்க் குழாய் கிடைத்தது. நீ இதற்கு வருத்தப்படவில்லை, சந்தோஷப்பட்டாய். "குழாய் கொண்டாந்தவளுக்குக் குழாயே வந்துகீது பாத்தியா" என்று நோட்டீசைக் காட்டினாய். வீடு வீடாகப் போனோம். "குழாய்க்கு ஓட்டுப் போடுங்க, குழாய்க்கு மறக்காதீங்க." தொண்டை கட்டிப்போகும்வரை சொன்னாய். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். "உனுக்குப் போடாம யாருக்குப் போடப் போறோம், போ" என்றார்கள்.

கிளம்பிய முதல் நாள், கொண்டையில் சீப்பு வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். கழற்றி வைத்துவிட்டுத்தான் வாசலில் இறங்கினாய். முனியம்மாக்காவுக்குப் பொறுக்கவில்லை. "ஓட்டுக் கேக்கப் போறவ மொட்டையாவா போவ?" என்று தன் தலையிலிருந்த சிவப்புச் சீப்பை எடுத்து உன் கொண்டையில் செருகினாள். அவள் மனம் கோணக்கூடாது என்று நீ அதை விட்டுவிட்டாய். "தலையில இருக்கறதப் பாத்தா ஓட்டுப் போடுவாங்க? வாயால குழாய்னுதான சொல்றேன்" என்று என்னைச் சமாதானப்படுத்தினாய். அந்தத் தேர்தல் முடியும்வரை கையில் குழாய் நோட்டீசும் தலையில் சீப்புமாகத்தான் சுற்றினாய்.

நீ தோற்றாய். கட்சிக்காரர் ஜெயித்தார். கொஞ்ச வித்தியாசம்தான். நம் தெருப் பக்கமே எட்டிப் பார்க்காத அந்தச் சீப்புக்காரர் வாங்கிய ஓட்டு அந்த வித்தியாசத்தைவிட ஜாஸ்தி. எண்ணும் இடத்திலிருந்து திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் நீ ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாய். "என்னவிட மூஞ்சி தெரியாதவன் மேலா பூட்டானா தோஸ்த்?" நமக்கு அப்போது உண்மை தோன்றவே இல்லை. தொண்டை கிழியக் குழாய் குழாய் என்று கத்தியவர்கள் நாம். தெரியாமல் மாற்றிப் போட்டிருப்பார்கள் என்று எப்படித் தோன்றும்? வேண்டுமென்றே போட்டிருக்கிறார்கள் என்றுதான் நீ நினைத்தாய்.

அதற்குப் பிறகு உன் வீட்டுக் கதவு பகலிலும் சாத்தியிருந்தது. வேலைக்குப் போகும்போது தெரு வழியாக வராமல் ஆற்றுப்பக்கமாகச் சுற்றிப் போனாய். குழாயடிக்கு வரவே இல்லை, உன் மகன்தான் குடத்தோடு வந்தான். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தும் பேசமாட்டாய். எனக்கு உன்மேல் கோபம்கூட வந்தது. ஒரு தேர்தலில் தோற்றதற்கா இவ்வளவு என்று நினைத்தேன். நீ தேர்தலுக்காக அழவில்லை என்பது பிறகுதான் புரிந்தது. உன் தெரு உன்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக நம்பிக்கொண்டிருந்தாய். சாப்பாடு இறங்காமல் போனதும் அப்போதிலிருந்துதான். வயிற்றில் கட்டி இருப்பது தெரியாமல் நாங்கள் அதையும் மனக்கஷ்டம் என்றே நினைத்துவிட்டோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முனியம்மாக்கா முள்ளுக்கத்தரிக்காய்க் குழம்பு வைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். நானும் அங்கே இருந்தேன். கதவைத் தட்டவில்லை, தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"இன்னா நீ, எங்க மூஞ்சிலயே முழிக்க மாட்றே? நாங்க இன்னா பண்ணோம்?"

நீ பாயை இழுத்துப் போட்டாய்.

"அந்தக் கடைத்தெருக்காரனுங்க கவுத்துட்டானுங்கன்னா அதுக்கு நாங்களா பொறுப்பு? எங்க தெருவுல ஒரு பொம்பள தப்பல. எல்லாத்தயும் நாந்தான் இட்டுக்கினு போனேன். மிஷினப் பாத்து பயந்துக்கினாளுங்க. மேலேர்ந்து கீழ பாரு, சீப்பு எங்க கீதோ அங்க அமுத்துன்னு சொல்லித்தான் உள்ளாற உட்டேன்."

நான் உன்னைப் பார்த்தேன். நீ என்னைப் பார்த்தாய். நான் வாயைத் திறந்துவிட்டேன். "ஏன்க்கா, குழாய்க்குப் போடச் சொல்லி..."

"ஆமா, குழாய்க்குத்தான் போட்டோம். குழாய் கொண்டாந்தா இல்ல, அதுக்காவத்தான் போட்டோம். அத அவ வாய்தொறந்து கேக்கவே வேணாம்னு நான் அப்பவே சொன்னேன். செஞ்சத சொல்லிக்காட்டி ஓட்டுக் கேக்கறா பாரு, பாவம்னு இருந்துச்சு எனுக்கு."

குழாய்க்கு. அந்த ஒரு வார்த்தையை நாம் ஒரு மாதிரி சொன்னோம், அவர்கள் ஒரு மாதிரி கேட்டார்கள். குழாய் என்பது அவர்களுக்கு நீ செய்த நன்மை. சீப்பு என்பது நீ. அவர்கள் உனக்குத்தான் போட்டார்கள். படித்த பிள்ளைகள் மட்டும் நோட்டீசைப் பார்த்துச் சரியாகப் போட்டிருக்க வேண்டும். அம்மாவும் அத்தையும் எதை அமுக்கினார்கள் என்று எந்தப் பிள்ளை கேட்கிறது?

நீ எழுந்து போய் முனியம்மாக்காவைக் கட்டிக்கொண்டாய். "தெரியும்க்கா. நீ போட்ட ஓட்டு எனக்கு வந்து சேந்துச்சு" என்றாய். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்புறம் இன்னாத்துக்கு அழுவுற? குழம்பு ஆறுது, துன்னு" என்றாள். நீ அழுதுகொண்டே தின்றாய். பல நாளுக்குப் பிறகு நீ வயிறாரச் சாப்பிட்டதை அன்றுதான் பார்த்தேன்.

அவள் போனபிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாய். "இது உன்னோட இருக்கட்டும். அவங்களுக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டாங்க. நான் தோத்தவளாவே இருந்துட்டுப் போறேன்." சரி என்றேன். சரி என்று சொல்வது எவ்வளவு சுலபமாக இருந்தது.

நீ கதவைத் திறந்து வைத்தாய். குழாயடிக்கு வந்தாய். தண்ணீர் வராத நாளிலும் அங்கே வந்து நின்று பேசினாய். அதற்குள் வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் கட்டி என்று சொல்லிவிட்டார்கள். பார்க்க வந்த நம் தெருப் பெண்கள் உன் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து உன் முடியைச் சிக்கெடுத்தார்கள். வைத்தியத்தில் முடி கொட்டத் தொடங்கியதும் சீப்பில் வந்ததை உனக்குத் தெரியாமல் மடியில் சுருட்டிக்கொண்டார்கள். உனக்குத் தெரிந்தது என்பது எனக்குத் தெரியும்.

நீ இருந்தவரை அந்த ரகசியம் கனக்கவில்லை. உன்னை எடுத்த அன்றுதான் அதன் கனம் தெரிந்தது. கடைத்தெருவிலிருந்து பூக்கடைக்காரம்மா ஒரு பெரிய மாலையோடு வந்தாள். நீ ஓட்டுக் கேட்டுப் போனபோது மோர் கொடுத்தவள். அந்தத் தெருவில் உனக்கு விழுந்த ஓட்டுகள் அவளால் விழுந்தவை. நம் பெண்கள் அவளுக்கு வழிவிடவில்லை. "உசிரோட இருக்கசொல்லோ கவுத்துட்டு இப்ப மாலைய எட்த்துக்கினு வன்ட்டாங்க" என்று முனியம்மாக்கா அவள் காதுபடச் சொன்னாள். அந்தம்மா மாலையை என் கையில் கொடுத்துவிட்டு, "நான் அவங்களுக்குத்தாம்மா போட்டேன்" என்றாள். நான் மாலையை வாங்கி உன்மேல் போட்டேன். அதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை. உனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிக்கொண்டு நின்றேன்.

இன்றுவரை நம் தெரு கடைத்தெருவோடு பேசுவதில்லை. அவர்களிடம் பூகூட வாங்குவதில்லை, பள்ளிகொண்டாவுக்குப் போய் வாங்கி வருகிறார்கள். தண்ணீருக்கு இரண்டு தெருவும் சேர்ந்துபோய்க் கேட்டால் ஏதாவது நடக்கும். சேர மாட்டார்கள். நம் குழாய் இப்போது துருப்பிடித்து நிற்கிறது. பெண்கள் மறுபடி குடத்தோடு மேட்டுத்தெருவுக்கு ஏறுகிறார்கள், ஏறும்போது கடைத்தெருவைத் திட்டிக்கொண்டே ஏறுகிறார்கள். உன் வீட்டுக்காரர் மகனோடு ராணிப்பேட்டைக்குக் குடிபோய்விட்டார். உன் வீடு பூட்டியிருக்கிறது.

குறை எங்கே இருக்கிறது என்று தெரிந்தும் ஓகே முத்திரை போட்டு அனுப்புவதை என் வேலையில் நான் செய்ததே இல்லை. உனக்காகத் தினமும் செய்கிறேன். சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை மேட்டுத்தெருக் குழாயடிவரை போயிருக்கிறேன். குனிந்து குடத்தைத் தூக்கும் அவர்களைப் பார்த்ததும் நாக்கு எழுவதில்லை. இவ்வளவு ஆசையாகப் போட்ட ஓட்டுத்தான் நம்மை இந்த மேட்டில் ஏறவைக்கிறது என்று எந்த வாயால் சொல்வது? நீ சொன்னது சரிதானா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நீ இருந்தால் உன்னிடமே சண்டை பிடித்திருப்பேன்.

மறுபடி தேர்தல் வரப்போகிறது என்று பேச்சு. இன்று சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது முனியம்மாக்கா உன் வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தாள். கண் சரியாகத் தெரிவதில்லை அவளுக்கு. காலடிச் சத்தத்தை வைத்தே என்னைக் கண்டுகொண்டாள்.

"எலக்சன் வருதாமே? இந்த வாட்டி ஒருத்திய உட மாட்டேன். எல்லாத்தயும் இட்டுக்கினு போய் சீப்புக்கே போட வெக்கிறேன் பாரு."

"அவதான் இல்லியே அக்கா" என்றேன்.

தலைக்கு மேலே கையைக் கொண்டுபோய்க் கொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். "அவ பூட்டா. சீப்பு கீதில்ல?"

"இருக்குதுக்கா" என்றேன்.